அக்காவைத் தேடும் கதையை யார் எழுதுவது?

எம்மிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. இலக்கியக் கூட்டத்தில் ‘மர்ம நாவல்’ என்ற சொல் காதில் விழுந்ததும் மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அது பஸ் நிலையத்துச் சரக்கு, வாசித்து முடித்ததும் ஆசனத்திலேயே விட்டுவிட்டு இறங்கவேண்டியது என்பது எம்மவரின் முடிந்த முடிவு. இளையோருக்கான மர்ம நாவல் என்றால் சிரிக்கவும் மாட்டார்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். இது வெறும் ரசனை வேறுபாடாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். இந்த முகச்சுளிப்பினால் மலையகத்துப் பெண்பிள்ளைகளின் மிகப்பெரிய கதையொன்று அதற்குரிய வடிவம் கிடைக்காமல் கிடக்கிறது; அதில் முஸ்லிம் எழுத்தாளர்களாகிய எமக்குத் தனிப் பங்கு உண்டு. இதுவே என் குற்றச்சாட்டு.

முதலில் எமது பரம்பரையை நினைவூட்டுகிறேன். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுவது 1885இல் வெளிவந்த ‘அஸன்பேயுடைய கதை’யை. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை. சட்டத்தரணி, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியவர், முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டவர். அவருடைய நாவல் எதைப் பற்றியது? கெய்ரோவில் உயர்குடியில் பிறந்த ஒரு குழந்தை கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கடைசியில் தன் பிறப்பையும் உறவையும் கண்டடைவதைப் பற்றியது. கடத்தல் இருக்கிறது, மறைந்துபோன அடையாளம் இருக்கிறது, அடுத்தது என்ன என்ற பதைப்பு இருக்கிறது. காணாமல் போன பிள்ளையின் கதையோடுதான் எம்மவர் நாவல் எழுதவே தொடங்கினார்கள். சித்திலெப்பையை மேடைக்கு மேடை போற்றுகிறவர்கள் அவர் கைக்கொண்ட வடிவத்தை மட்டும் தீண்டத்தகாததாக ஒதுக்குவது எந்த நியாயத்தில்?

இன்னும் பின்னால் போவோம். குர்ஆன் தானே மிக அழகியது என்று சிறப்பித்துச் சொல்லும் வரலாறு யூஸுப் நபி (அலை) அவர்களுடையது. சகோதரர்களுக்குள் பகை, ஒரு பிள்ளை காணாமல் போவது, பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைத் தகப்பனிடம் கொண்டுவந்து காட்டுவது. ஓநாய் தின்றதென்றால் சட்டை ஏன் கிழியவில்லை என்று விரிவுரையாளர்கள் அங்கே நின்று கேட்கிறார்கள். பிறகு இன்னொரு சட்டை வருகிறது. அது முன்புறம் கிழிந்ததா பின்புறம் கிழிந்ததா என்பதை வைத்து ஓர் ஆளின் குற்றமின்மை நிறுவப்படுகிறது. மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றிலோ தேடுகிறவள் ஒரு சகோதரி. ஆற்றில் விடப்பட்ட தம்பியைத் தூரத்திலிருந்து, எவரும் அறியாதபடி கவனித்துக்கொண்டே போகிறாள். அவன் சேர்ந்த இடத்தைக் கண்டுகொள்கிறாள். சந்தேகம் வராத விதமாய்ப் பேசிப் பிள்ளையைத் தாயின் மடிக்கே திரும்பக் கொண்டுவருகிறாள். மத்ரஸாவில் சிறு வயதிலிருந்தே இவற்றைக் கேட்டு வளர்ந்த நாம், தடயமும் தேடலும் பதைப்பும் நிறைந்த கதை பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று சொல்வது விந்தை.

இனி வலப்பனைக்கு வருவோம். நுவரெலியா மாவட்டத்தின் இந்தப் பிரிவில் மேலே ராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் தேயிலையும் லயங்களும்; கீழே இறங்க இறங்கச் சிங்களக் கிராமங்களும் அடுக்கடுக்கான வயல்களும்; கடைத்தெருக்களில் எம்மவரின் கடைகளும் உண்டு. மூன்று சமூகத்தவரும் ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்வருகிறார்கள். நானுஓயாவிலிருந்து ராகலை வரைக்கும் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. 1940களில் அது நின்றுபோனது. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. நாவலாசிரியர் ஒருவருக்கு இதைவிட என்ன களம் வேண்டும்?

ஆனால் மலையகத்தில் மர்மக் கதை எழுதப் புறப்படுகிறவர் முதலில் தேடுவது பனிமூட்டத்தையும் பாழடைந்த பங்களாவையும். வெள்ளைக்காரத் துரையின் ஆவி, நள்ளிரவில் எரியும் விளக்கு, நிலவறையில் புதையல். லயத்தில் இருக்கும் மர்மம் அவர் கண்ணில் படுவதேயில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஓர் ஆள் குறைந்தால் கணக்கப்பிள்ளை உடனே கேட்பார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைந்தாலும் பேச்சு வரும். லயத்தில் ஒரு பதினான்கு வயதுப் பெண்பிள்ளை குறைந்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பாடசாலையின் வரவு இடாப்பில் சில நாட்களுக்கு வரவின்மைக் குறி விழும். பிறகு பெயரே வெட்டப்படும். ‘கொழும்புக்குப் போயிருக்கிறாள்’ என்று பக்கத்துக் காம்பராவில் சொல்வார்கள். எந்த வீடு, எந்தத் தெரு, யார் கூட்டிப்போனது என்று கேட்டால் ஒரு தரகரின் கைத்தொலைபேசி எண் மட்டும் கிடைக்கும். ஒருநாள் அந்த எண்ணும் வேலை செய்யாது. மர்மக் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆவி எதற்கு?

சகோதரிகள் பிரிவது மலையகத்துக்குப் புதிதல்ல. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்துப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் ஒருத்திக்கு இந்தியப் பிரஜாவுரிமை, மற்றவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒருத்தி தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியிலோ கூடலூரிலோ மறுபடியும் தேயிலைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தாள். மற்றவள் இங்கேயே கூடையைச் சுமந்தாள். கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன. யார் மேல் யாருக்குக் கோபம் என்றே தெரியாமல் இரண்டு குடும்பங்கள் அந்நியமாகிப் போயின. 1984இல் அந்தக் கப்பலும் நின்றது.

அன்று கப்பல் செய்ததை இன்று கொழும்பு பஸ் செய்கிறது. அக்கா எட்டாம் வகுப்போடு நின்று வீட்டு வேலைக்குப் போகிறாள். அவள் அனுப்பும் காசில் தங்கை க.பொ.த. சாதாரண தரம் வரைக்கும் படிக்கிறாள். முதல் வருடம் தீபாவளிக்கு அக்கா வருகிறாள். இரண்டாம் வருடம் வரவில்லை. தங்கைக்கு அக்காவின் வேலையைப் பற்றித் தோழிகளிடம் சொல்ல வெட்கம். அக்காவுக்குத் தங்கையின் வெள்ளைச் சீருடை மேல் சொல்லமுடியாத ஒரு கசப்பு. எப்போதோ ஒருநாள் தொலைபேசியில் இரண்டு வார்த்தை தடித்துவிடுகிறது. அதன்பின் பேச்சில்லை. அந்த மௌனத்துக்குள்ளேதான் ஒருத்தி காணாமல் போகிறாள். கோபத்தில் பேசாமல் இருக்கிறாளா, பேசமுடியாத இடத்தில் இருக்கிறாளா? தங்கைக்கு இது தெரிய மாதக்கணக்காகும். மனஸ்தாபமும் காணாமல் போதலும் ஒன்றையொன்று மறைக்கும் இந்த முடிச்சைவிட வலிய முடிச்சை எந்த மர்மக் கதைக்காரர் கற்பனை செய்துவிட முடியும்?

இது கற்பனையில் மட்டும் நடக்கும் காரியமல்ல. 2009 ஆகஸ்டில் கொழும்பு பௌத்தாலோக மாவத்தைப் பக்கம் ஒரு கால்வாயிலிருந்து மஸ்கெலியாத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த இரு சிறுமிகளின் உடல்கள் எடுக்கப்பட்டன. இருவரும் கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தவர்கள். 2021 ஜூலை 15ஆம் திகதி டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். அவள் வேலை செய்த வீடு எமது சமூகத்தின் அரசியல் பிரமுகர் ஒருவருடையது. அங்கே என்ன நடந்தது என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அதற்குள் நான் நுழையவில்லை. நான் பேசுவது அதன் பின்னர் எம்மிடையே நடந்ததைப் பற்றி. ஒரு சாரார் அந்தச் சாவை எடுத்து ஒட்டுமொத்தச் சமூகத்தின் மேல் வீசினார்கள். எம்மவரில் பலர் சமூகத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பிள்ளையை எவரும் பார்க்கவில்லை.

மூதூர் ரிஸானா நபீக்கை நினைத்துப் பாருங்கள். 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டபோது அவளுக்குப் பதினேழு வயது. பிறந்தது 1988இல், கடவுச்சீட்டிலோ 1982. பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. ரிஸானாவுக்காக நாம் அழுதோம். கவிதைகள் எழுதினோம், கூட்டங்கள் வைத்தோம். அழவேண்டியதுதான். ஆனால் அந்நிய நாட்டு வீடொன்றில் எமது பிள்ளை அகப்பட்டபோது அந்த வீட்டின் கதவு எமக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவு எமது தெருவில் இருந்தபோது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. திருத்தப்பட்ட அந்த ஆறு வருடங்களும், ராகலைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தரகர் கூட்டிச் சொல்லும் இரண்டு வருடங்களும் ஒரே பேனாவால் எழுதப்பட்டவை. இதைச் சொல்லும் துணிவு எமது பேனாக்களுக்கு எப்போது வரும்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டம் 1998இல் வந்தது. 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் முறைப்பாடு சொல்லலாம். கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இல் பதினாறாக உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக்கப்பட்டது. சட்டம் தன் பங்கைக் காகிதத்திலாவது செய்திருக்கிறது. ஆனால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் சட்டம் அசையும். அந்த ஆளை உருவாக்கும் வேலையில் ஒரு பகுதி இலக்கியத்துடையது. மர்மக் கதை இங்கே மற்றெல்லா வடிவங்களையும்விடப் பயன்படும் என்று துணிந்து சொல்கிறேன். சோகச் சிறுகதை வாசகரைப் பெருமூச்சு விடவைக்கும்; மலையகப் பிள்ளையின் துயரை அப்படிச் சொன்ன நல்ல சிறுகதைகள் எம்மிடம் உண்டு, அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மர்மக் கதையோ வாசகரைச் சும்மா இருக்கவிடாது. அவள் எங்கே? கடைசியாகப் பார்த்தது யார்? காசோடு வந்த துண்டில் இருப்பது யாருடைய கையெழுத்து? தரகர் சொன்ன திகதியும் பஸ் நடத்துநர் சொன்ன திகதியும் ஏன் ஒத்துப்போகவில்லை? பதினைந்து வயதில் இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை இருபத்தைந்து வயதில் தன் வீட்டுச் சமையலறையைப் பார்த்தும் கேட்கும்.

எதிர்வாதங்கள் மூன்று வரும். முதலாவது, எமது இளையோருக்கு ஒழுக்கக் கதைதான் வேண்டும் என்பது. பரிசுப் போட்டிகளின் நிபந்தனைகளிலும் அன்பளிப்பு நூல்களின் முன்னுரைகளிலும் இந்தக் குரலைக் கேட்கலாம். விளைவு என்ன? பெற்றோர் வாங்குகிறார்கள், பிள்ளைகள் திறப்பதில்லை. பக்கத்தில் சிங்கள வாசகரைப் பாருங்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இல் வெளிவந்தது. வீட்டை விட்டோடிய இரு பையன்களின் சாகசம். தலைமுறை தலைமுறையாக அதை வாசிக்கிறார்கள். அதனால் அவர்களுடைய இலக்கியம் தரம் தாழ்ந்துவிடவில்லை. எமக்கும் 1970களில் வீரகேசரிப் பிரசுரம் இருந்தது. சாதாரண வாசகரை நம்பி நாவல்களை வெளியிட்டது. அந்த வாசகரின் பிள்ளைகளை நாம் கைவிட்டுவிட்டோம்.

இரண்டாவது, இது தோட்டத் தமிழரின் கதை, முஸ்லிம் எழுத்தாளருக்கு இங்கே என்ன வேலை என்பது. லயத்துக்குள் இருப்பதை அங்கே பிறந்தவர்கள் எம்மைவிட நன்றாக எழுதுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் கதைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை லயத்தில். மற்ற முனை கொழும்பிலும் கண்டியிலும் பேருவளையிலும் உள்ள வீடுகளில். எல்லாச் சமூகத்தாரின் வீடுகளிலும், எமது வீடுகளிலும். வீட்டுக்காரர் தம் வாய்க்கு வசதியாகப் பிள்ளைக்கு வேறொரு பெயர் வைத்துவிடுவதை நாம் அறிவோம். ‘எங்கள் பிள்ளை மாதிரி’ என்று சொல்லிக்கொண்டே அவளுக்குச் சமையலறைத் தரையில் பாய் விரிப்பதையும் அறிவோம். லாத்தா, ராத்தா, தாத்தா என்று ஊருக்கொரு சொல்லால் மூத்தவளை மரியாதையாக அழைக்கும் எமது வீட்டுப் பிள்ளைகள், தம்மைவிட மூத்த அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி ஏவுவதையும் அறிவோம். பெயர் மாறிய பெண்ணைத் தேடி வரும் தங்கை பழைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்ற பதில் வரும். அது பொய்யாகவும் இருக்காது. இந்த முனையை உள்ளிருந்து எழுத எம்மால் முடியும். எம்மால் முடிந்ததை எழுதாமல் விட்டுவிட்டு மற்றவர் எழுதவில்லை என்று குறைப்படுவது நேர்மையல்ல.

மூன்றாவது வாதம்தான் உண்மையான தடை. ஏற்கெனவே எம்மைச் சுற்றி வெறுப்பு எரிகிறது. நாமே எண்ணெய் ஊற்றுவதா என்று கேட்கிறார்கள். இந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. அளுத்கமவையும் திகனவையும் பார்த்தவர்கள் நாம். ஆயினும் நாம் எழுதாத இடத்தை வெறுப்பவன் எழுதி நிரப்புவான். அவன் எழுதினால் ஒரு சமூகமே குற்றவாளி ஆகும். நேர்மையான நாவலாசிரியர் எழுதினால் தரகரும் தேவையும் கடனும் வீட்டுக்காரரின் கண்மூடித்தனமும் பாடசாலையின் அலட்சியமும் தத்தம் அளவில் பொறுப்பேற்கும். அந்த வீட்டிலேயே ஒரு பிள்ளை, எமது பிள்ளை, தேடி வந்தவளுக்குக் கதவைத் திறக்கவும் கூடும். வெறுப்புப் பிரசாரத்துக்கு இதைவிட நல்ல பதில் எது?

வெளியுலகில் இந்த வடிவத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் தருகிறேன். 2007இல் ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளரின் ‘த லண்டன் ஐ மிஸ்டரி’ வெளிவந்தது. மனக்கசப்போடு விலகியிருந்த இரு சகோதரிகள் மறுபடி சந்திக்கிறார்கள். ஒருத்தியின் மகன் லண்டனின் பெரிய இராட்டினத்தில் ஏறுகிறான், இறங்கவில்லை. பையனின் பெயர் சலீம். அவனைத் தேடிக் கண்டுபிடிப்பது பொலிஸ் அல்ல. மற்றச் சகோதரியின் மகளும் மகனும். பெரியவர்களின் சண்டைக்குள் தொலைந்த பிள்ளையைச் சிறியவர்கள் கவனமாக யோசித்து மீட்கிறார்கள். பிள்ளைகள் அதை விரும்பி வாசிக்கிறார்கள், விமர்சகர்களும் மதிக்கிறார்கள். அங்கே எவரும் முகம் சுளிக்கவில்லை.

எமது நாவல் அதைப் போன்ற நகலாக இருக்கவேண்டாம். அதில் சங்கர்லால் வரவேண்டாம். கடைசி அத்தியாயத்தில் ஜீப்பில் வந்திறங்கும் நல்ல இன்ஸ்பெக்டரும் வேண்டாம். தேடுகிறவள் தங்கையாக இருக்கட்டும். அவள் கையில் இருப்பவை பாடசாலை இடாப்பு, பிறப்புச் சான்றிதழ், காசு வந்த துண்டுகள், கிராம உத்தியோகத்தரின் சலிப்பு நிறைந்த பதில், ராகலையில் எம்மவர் ஒருவரின் கடைக் கணக்குப் புத்தகம். பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்திடும் தாய் இருக்கட்டும். அதை வாசித்துச் சொல்லக்கூடிய, வகுப்பில் தங்கையோடு பேசாமலிருக்கும் ஒரு கிராமத்துத் தோழியும் இருக்கட்டும். தேடத் தேடத் தங்கைக்குத் தெரியவேண்டியது இரண்டு: அக்கா எங்கே என்பது ஒன்று, அக்கா யார் என்பது மற்றது. தான் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் யார் விலை கொடுத்தார்கள் என்று அவள் அறியும் இடத்தில் மனஸ்தாபத்தின் முடிச்சும் அவிழும். முடிவு மகிழ்ச்சியானதாக இருந்தே ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் விடை இருக்கவேண்டும். காணாமல் போனவள் என்ன ஆனாள் என்று சொல்லாமல், பனிமூட்டத்துக்குள் விட்டுவிட்டு அதைக் கலை என்று அழைக்கும் தந்திரம் இந்தக் கதைக்கு ஆகாது. விடையில்லாத வாழ்க்கையைத்தான் அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே வாழ்கின்றன.

இந்த நாட்டில் ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லுக்கு ஓர் அலுவலகமே இருக்கிறது. 2016இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. போரிலும் கிளர்ச்சியிலும் தொலைந்தவர்களின் உறவுகள் தெருவில் நின்று போராடிப் பெற்ற சொல் அது. அதன் கனத்தை நான் குறைக்கவில்லை. வீட்டு வேலைக்கென்று மலையிலிருந்து இறங்கித் தொலைந்த சிறுமியின் உறவுகளுக்கு நிற்பதற்குத் தெருவும் இல்லை, பிடிப்பதற்குப் புகைப்படமும் பல வேளைகளில் இல்லை. குறைந்தபட்சம் ஒரு நாவலாவது இருக்கட்டும்.

சித்திலெப்பைக்கு விழா எடுக்கும் அமைப்புகளுக்கும், இளையோர் இலக்கியப் போட்டி நடத்துபவர்களுக்கும், இந்தச் சஞ்சிகையில் எழுதும் நண்பர்களுக்கும் என் கேள்வி ஒன்றுதான். உங்களில் யாராவது அடுத்த முறை ராகலை பஸ்ஸில் ஏறுவீர்களா? புதையலையும் ஆவியையும் தேடி அல்ல. வரவு இடாப்பில் வெட்டப்பட்ட ஒரு பெயரைத் தேடி. ஏறமாட்டீர்கள் என்றால், நாளைக்கு யாராவது இளைஞரோ யுவதியோ இந்த நாவலை எழுதி எடுத்துக்கொண்டு வரும்போது, தயவுசெய்து மேடையில் இருந்து சிரிக்கவாவது வேண்டாம்.